புலம்பல் கேசட்டில் காத்திருந்தவர்கள்

தூத்துக்குடியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உப்புக்காற்றைக் குடித்துக் குடித்துச் சுவரெல்லாம் உதிர்ந்து நிற்கிற குருசடித் தெருவில் பிரகாசி என்று ஒரு மீன் வியாபாரி இருந்தாள், இப்போதும் இருக்கிறாள், சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் காலை ஏல நேரத்தில் போகாமலிருப்பது உடம்புக்கு நல்லது. கரையில் வந்து விழுந்த சீலா மீன் கண்ணாடிக் குண்டு மாதிரி கண்ணை வைத்துக்கொண்டு கிடந்தாலும், இது செத்து எத்தனை நாளாச்சு என்றுதான் அவள் பேச்சைத் தொடங்குவாள். கொடுக்கை விரித்துக்கொண்டு கடிக்க வருகிற நண்டைத் தூக்கிப் பார்த்து, மயக்கமாக் கெடக்கே என்பாள். தலையில் ஐஸ்கட்டி சுமந்து, கழுத்து வழியாகத் தண்ணீர் ஒழுக ஒழுகவே வளர்ந்து, ஏமாந்த இடத்திலெல்லாம் சண்டைபோட்டு, சண்டைபோட்ட இடத்திலெல்லாம் தொழில் பழகி, கேரளத்துக்கு லாரி ஏற்றுகிற அளவுக்கு வந்தவள் அவள். மெச்சினால் விலை ஏறும், வாழ்க்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான், அதையும் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. பெண் பார்க்க வந்த ரெமிஜியுசைக்கூட அவள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, காது ரெண்டும் பெருசு என்று ஒரே ஒரு குறையைச் சொல்லித்தான் கட்டிக்கொண்டாள்.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது. ரெமிஜியுஸ் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர், வாழ்நாளெல்லாம் எஞ்சின் அறைக்குள் தலையைவிட்டு, டீசல் சத்தத்துக்குள்ளேயே சாப்பிட்டு, சத்தத்துக்குள்ளேயே தூங்கி, எந்தப் படகுக்கு எந்த இடத்தில் இருமல் என்று காதை வைத்தே சொல்லுகிறவர். டாக்டர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, வலது காது கதவைச் சாத்திவிட்டது, இடது காதும் இந்த வெயில்காலம் முடிவதற்குள் சாத்திவிடும், மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் கேட்கும், பாட்டெல்லாம் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரிதான் இருக்கும் என்று சொன்னபோது, பிரகாசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டரிடமே பேரத்துக்கு உட்கார்ந்தாள். வலதை எடுத்துக்கொள்ளட்டும், இடதைக் கிறிஸ்மஸ் வரைக்கும் விட்டுவைக்க வேண்டும் என்றாள். கிறிஸ்மஸ் முடியாதென்றால் மழை தொடங்குகிற வரைக்கும் என்றாள். கொடுக்கிறதும் எடுக்கிறதும் நான் இல்லையம்மா என்றார் டாக்டர். அப்படியென்றால் உன்னிடம் எனக்கென்ன பேச்சு, கொடுக்கிறவனிடம் பேசிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

ரெமிஜியுஸ் அழவில்லை. பஸ்சில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"அந்தக் கடைசிப் பாட்ட மட்டும் கேட்டுட்டேன்னா போதும் பிரகாசி. அதுக்குப் பெறகு சாத்துனா சாத்திட்டுப் போவுது."

கடைசிப் பாட்டு என்றால் என்னவென்று தெருவில் எல்லாருக்கும் தெரியும், அதை ரெமிஜியுசிடம் கேட்டு அலுக்காத ஆள் அங்கே கிடையாது. அவர் இளவட்டமாக இருந்தபோது அக்கரை ரேடியோ இந்தக் கரையில் உள்ளூர் ரேடியோவைவிடத் தெளிவாகக் கேட்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொழும்பில் ஒரு மைதானத்திலிருந்து டின் லேன்டர்ன்ஸ் என்கிற ராக் கோஷ்டியின் கச்சேரியை நேரடியாக ஒலிபரப்பினார்கள். ரெமிஜியுசிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். கச்சேரியோ நீளம். அதனால் அவர் ஒரு சாமர்த்தியம் செய்தார், அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடித்தவர்கள் எல்லாரும் செய்த சாமர்த்தியம்தான்: பொத்தான் மேலே விரலை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்து, பாட்டு ஓடும்போது பதியவிட்டு, பாட்டு முடிந்து கைதட்டல் எழும்பின அந்த நொடியே நிறுத்திவிட்டு, அடுத்த பாட்டுக்குக் கிதார் முனகும்போது மறுபடி ஓடவிட்டார். கைதட்டலை எவன் கேட்கப்போகிறான், டேப் வீண் என்பது அவர் கணக்கு. அப்படி மிச்சம்பிடித்த டேப்பில் கடைசிப் பாட்டுக்கும் இடம் இருந்தது. இதுவரைக்கும் எங்கேயும் பாடாத பாட்டு, இன்றைக்கு மட்டும்தான் பாடுகிறோம் என்று பாடகன் சொல்லி வாய் மூடுவதற்குள், வள்ளத்தைத் தள்ள ஆள் வேண்டும் என்று ரெமிஜியுசின் அப்பா வாசலில் நின்று கத்தினார். ரெமிஜியுஸ் டேப்பை ஓடவிட்டுவிட்டு ஓடினார். கடைசிப் பாட்டு கேசட்டுக்குள் போய் உட்கார்ந்தது, அவர் காதுக்குள் வரவில்லை.

திரும்பி வந்ததும் இன்னொரு சாமர்த்தியம் செய்தார். அவர் அம்மா எந்தக் கேசட் கிடைத்தாலும் அதன்மேல் செபக்கூட்டத்தைப் பதிந்துவிடுவாள் என்று பயந்து, வீட்டுக்கு வீடு இருக்கிற, இயேசுவின் பாடுகளைப் பாடி அழுகிற தவக்காலப் புலம்பல் கேசட் மாதிரியே இதற்கும் சிலுவை போட்டு, புலம்பல் என்று எழுதி ஒட்டிவிட்டார். புலம்பலை அழிக்கிற துணிச்சல் தெருவில் யாருக்கும் கிடையாது. ஆனால் புலம்பலை இரவல் வாங்காத வீடும் கிடையாது. அந்தத் தவக்காலம் முடியும்போது கேசட் எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. அன்றிலிருந்து வருசா வருசம் தவக்காலம் வந்தால் ரெமிஜியுஸ் வீடு வீடாகப் போய், அவர்கள் வைத்திருக்கிற புலம்பலைப் போடச்சொல்லி, முதலிலிருந்து கடைசிவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இப்படி ஒரு பக்திமானா என்று தெரு உருகிப்போய், சிலுவைப் பாதையில் சிலுவை தூக்குகிற மரியாதையை அவருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டது.

டாக்டர் கெடு சொன்ன அந்த வருசம், தெருவின் சிலுவைக் கோயிலான குருசடியில் போடுகிற புலம்பல் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று மைக்செட் கஸ்பார் பிரகாசி வீட்டு வாசலில் வந்து நின்றான். லாரிக்காரனோடு போனில் சண்டையில் இருந்த பிரகாசி, இவனை அனுப்பினால் போதும் என்று, சாமி சுரூபம் வைத்த பீடம் ஆடாமல் இருக்க அதன் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த கேசட்டை உருவி அவன் கையில் கொடுத்தாள். கல்யாணமாகி வந்த வருசம் அவளே கொடுத்த முட்டு அது. ரெமிஜியுஸ் ஊரெல்லாம் தேடினார், தன் வீட்டுப் பீடத்துக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப் பாதை ஊர்வலம் பாதித் தெரு வந்திருந்தது. பங்குச் சாமியார் செபத்தை முடித்து எல்லாரும் முழங்காலிலிருந்து எழுந்தார்கள், கஸ்பார் பொத்தானை அமுக்கினான், குருசடிக் கம்பத்து உச்சியில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரிலிருந்து கிதார் ஒன்று வள்ளம் பாறையில் ஏறுகிற மாதிரி கிறீச்சிட்டு ஏறியது, பின்னாலேயே டிரம் விழுந்தது, அதன் பின்னால் இங்கிலீஷில் ஒருவன் தொண்டையைத் திறந்தான். சிலுவைக்குக் கீழே நடந்துகொண்டிருந்த ரெமிஜியுஸ் நின்றார். இடது காதை வானத்துக்குத் திருப்பினார். அப்புறம் தோளிலிருந்த சிலுவையை வெகு பத்திரமாகச் சாமியாரின் தோளில் மாற்றி வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு குருசடியைப் பார்த்து ஓடினார். ஓடிய வேகத்தில் அவர் சிரித்துக்கொண்டே அழுததை மக்ரூன் கடை ஜெரோமா பார்த்தாள், அவள்தான் பிறகு எல்லாருக்கும் சொன்னாள்.

முதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வரவில்லை. கேசட் உருளை சுற்றிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில் ஒருவன் தொண்டையைச் செருமினான், ஒருவன் கம்பியை முறுக்கிச் சுதி பார்த்தான், டிரம்காரன் குச்சியால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். கஸ்பார் முன்னுக்கு ஓட்டிப்பார்த்தான், பின்னுக்கு ஓட்டிப்பார்த்தான், எங்கே நிறுத்தினாலும் அதே செருமல், அதே முழங்கால். பிளக்கைப் பிடுங்கினான். அப்போதும் கோஷ்டி ஸ்பீக்கருக்குள் அங்கேதான் நின்றது.

"அவனுவ கைதட்டுக்கு நிக்கானுவ," என்றார் ரெமிஜியுஸ், தலையில் கைவைத்துக்கொண்டு. "நான்தான தட்டுனதயெல்லாம் வெட்டிட்டேன். இத்தன வருசமா ஒருத்தன் தட்டலியே அவனுவளுக்கு."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தெரு நினைத்தது. வேலை செய்தவன் கூலிக்கு நிற்கிறான், கடற்கரையில் தினம் நடக்கிறதுதான். தட்டிவிட்டுப் போகலாம் என்று சிலபேர் கையைத் தூக்கியபோது, சிலுவையோடு வந்துசேர்ந்த சாமியார்தான் தடுத்தார். தவக்காலத்தில் கொட்டு இல்லை, தோரணம் இல்லை, கல்யாணம் இல்லை, கைதட்டலும் இல்லை, தவக்காலம் முடிகிற உயிர்ப்பு ஞாயிறுவரைக்கும் அவர்கள் காத்திருக்கட்டும் என்றார். இத்தனை வருசம் நின்றவர்களுக்கு இன்னும் கொஞ்சநாள் பெரிதில்லை என்பது அவர் நியாயம். ரெமிஜியுசின் இடது காதுக்குப் பெரிதுதான் என்று பிரகாசி தெருவில் நின்று அவரோடு சண்டைபோட்டாள், ஒரே ஒரு பாட்டுக்காவது தட்டவிடச் சொன்னாள், மெதுவாகத் தட்டச்சொல்கிறேன் என்றாள், சாமியார் மசியவில்லை.

ஆக, கோஷ்டி காத்திருந்தது, தெரு அதற்குப் பழகிக்கொண்டது. காலையில் தண்ணிக்குடத்தோடு போகிறவர்கள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்து, என்ன தம்பி, எழுந்தாச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்கள், மேலேயிருந்து யாரோ கொட்டாவி விடுகிற சத்தம் வந்தது. பாடுகிறவனுக்குத் தொண்டை வறள்கிறது என்று ஜெரோமா ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள், சாயங்காலம் செம்பு பாதியாக இருந்தது. அடுத்த நாள் மக்ரூன் வைத்தாள், தட்டில் தூள் மட்டும் இருந்தது, தவக்காலத்தில் மக்ரூன் தின்பது, ஆசையை அடக்குகிற ஒறுத்தலுக்குச் சரியா என்று இரண்டு பெண்கள் சண்டைபோட்டு, நின்றுகொண்டே இருப்பதுதான் பெரிய ஒறுத்தல் என்று முடிவானது. பிள்ளைக்குத் தூக்கம் வராத வீட்டிலிருந்து டிரம்காரனிடம் சொல்லிவிட்டார்கள், அவன் குச்சியை இன்னும் மெதுவாகத் தட்டினான். ரெமிஜியுஸ் மட்டும் வேலை முடிந்து வந்ததும் இடது காதுக்கு எண்ணெய் விட்டு, பஞ்சு வைத்து, கதவடைக்கிற சத்தம்கூடப் படாமல், கடைசித் தீக்குச்சியைக் காற்றில் பொத்திவைக்கிறவன் மாதிரி அதைப் பொத்திவைத்திருந்தார்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் குருசடி முன்னால் கூடித் தட்டினார்கள். செபக்கூட்டத்தில் தட்டிப் பழகிய கை, ஒழுங்காக, ஒரே தாளத்தில் தட்டியது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது, பாட்டு வரவில்லை. தாளம் போடச் சொல்லவில்லை, கைதட்டச் சொல்கிறார்கள் என்று கஸ்பாருக்குத்தான் முதலில் விளங்கியது. திருவிழாப் படகுப் போட்டியில் நம்ம தெரு வள்ளம் முந்தும்போது எப்படித் தட்டுவீர்கள், அப்படித் தட்டுங்கள் என்று மைக்கில் சொன்னான். அவ்வளவுதான். காக்காய்கள் கிளம்பிக் கடலுக்கு மேலே போய்விட்டன. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மேலே டிரம்காரன் நாலு தட்டுத் தட்டினான், இரண்டாம் பாட்டு இறங்கியது.

அதற்குப் பிறகு குருசடித் தெருவில் சாயங்காலம் என்பது வேறு சாமானாகிவிட்டது. சந்தை கலைந்து, வலை காயப்போட்டு, வெயில் சுவரைவிட்டு இறங்குகிற நேரத்துக்கு மீன் அரிந்த கையோடும் மாவு பிசைந்த கையோடும் எல்லாரும் வந்து நின்றார்கள், ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பாட்டுதான் வந்தது. உப்பளத்தில் வேலைசெய்து உள்ளங்கை வெடித்தவர்கள் தட்டினால் வலிக்கிறது என்று தகரத்தைக் கொண்டுவந்து தட்டினார்கள், அதைக் கோஷ்டி ஏற்றுக்கொண்டது. ஒரு கை வராத பழைய சங்குகுளிக்காரர் தொடையில் தட்டினார், அவருக்கென்று கிதார்காரன் தனியாக ஒரு சுற்று வாசித்தான். ஒலிபெருக்கிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்க வந்த அதிகாரி மூன்றாம் பாட்டு முடிகிறவரைக்கும் நின்று, கையிலிருந்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டிவிட்டு, எதற்கு வந்தோம் என்று மறந்து போனார். நன்றாகத் தட்டினால் பாட்டு நீண்டது, ஏனோதானோ என்று தட்டினால் சுருங்கியது. புருசன் பெண்டாட்டி பேசாத வீட்டில்கூட, தட்டிப் பழக வேண்டும் என்று ஒருவருக்கொருவர் எதற்காவது கைதட்டிக்கொண்டார்கள். மீன்குழம்பு நன்றாக இருந்தால் தட்டினார்கள், பிள்ளை முதலடி வைத்தால் தட்டினார்கள், பிரசங்கம் சீக்கிரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாமியாருக்கும் தட்டினார்கள், அவர் முகம் சிவந்துபோய்ப் பீடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

ரெமிஜியுஸ் முன்வரிசையில் ஸ்டூல் போட்டு, இடது காதைக் கம்பத்துக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாளுக்கு நாள் அவர் ஸ்டூல் கம்பத்தை நெருங்கிக்கொண்டே போனது. பிரகாசி வீட்டு வாசலில் சாய்ந்து, இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, விலை படியாத ஏலத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததெல்லாம் அந்த ஸ்டூலைத்தான்.

கடைசிப் பாட்டு வந்த அன்றைக்குப் பக்கத்துத் தெருவெல்லாம் வந்திருந்தது. கிதார் இரண்டு கம்பியைத் தொட்டது, ரெமிஜியுஸ் கண்ணை மூடினார், கிதார் நின்றுவிட்டது. பாடுகிறது இங்கிலீஷ் என்றாலும் பேசும்போது அக்கரைத் தமிழ் பேசுகிற அந்தப் பாடகன் மைக்குக்குப் பக்கத்தில் வந்தான்.

"எல்லாரும் தட்டிட்டியள், சந்தோசம்," என்றான். "அந்த வாசல்ல நிக்கிற அக்கா மட்டும் இன்னும் தட்டேல்ல. அவவும் தட்டட்டும், தொடங்குறம்."

தெரு முழுக்கத் திரும்பிப் பிரகாசியைப் பார்த்தது. அவள் கையை எடுத்து, ஈ விரட்டுகிற மாதிரி மூன்று தட்டுத் தட்டினாள். மேலே அவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஜெரோமா பக்கத்தில் வந்து, மைனி, கொஞ்சம் மனசோட தட்டுங்க மைனி என்று கெஞ்சினாள். பிரகாசி தட்டிப்பார்த்தாள், கை மோதியது, சத்தம் வந்தது, ஆனால் செத்த மீனைத் தராசில் போட்ட சத்தமாக இருந்தது, அது அவளுக்கே கேட்டது. முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்பத்துக்குக் கீழே போய் நின்று, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"பாதிப் பாட்ட வாசிங்க. நல்லாருந்தா மீதிக்குத் தட்டுதேன்."

"பாதியா வாசிக்கேலாதக்கா."

"அப்ப முதல்ல முழுசா வாசி, பெறகு தட்டுதேன். சரக்கப் பாக்காம எவன் மெச்சுவான்?"

"இவ்வளவு நாளும் வாசிச்சமே அக்கா. அதுக்குத்தான் கேக்கிறம்."

"அதுவா? அதுல பாதிக்குச் சுதி எறங்கிக் கெடந்துச்சு. டிரம்மடிக்கவனுக்குக் கையில பலமே இல்ல. நேத்து வாசிச்சது முந்தாநாள் வாசிச்ச மாரியே இருந்துச்சு."

இது வெறும் வாய்ப்பழக்கம் என்று தெருவுக்குத் தெரியும். விலையைக் குறைக்க எல்லா நாளும் எல்லா மீனிடமும் அவள் சொல்லுகிறதுதான். மேலே இருந்தவர்களுக்கு அது தெரியாது. கிதாரைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அதோடு ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. தெருவே பிரகாசியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெரோமா வைத்த செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. ரெமிஜியுஸ் மட்டும் எப்போதும்போல அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கம்பத்தடியில் போய் உட்கார்ந்தார், அது அவளுக்குத் தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டதைவிட மோசமாக இருந்தது. அவள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தட்டிப் பழகினாள். எதையாவது நினைத்துக்கொண்டு தட்டினால் மனசு வரும் என்று, முதன்முதலில் தன் பெயர் எழுதிய லாரியை நினைத்துத் தட்டினாள். லாரியின் டயர் தேய்ந்திருந்தது உடனே நினைவுக்கு வந்தது.

ஒரு காலையில் ரெமிஜியுஸ் எழுந்து வாசலுக்கு வந்தபோது மதில்மேல் காக்காய் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஐஸ் லாரி பின்னுக்கு வந்தது, கிளீனர் வாயில் விசிலை வைத்து ஊதினான். அவர் எல்லாவற்றையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"ஏ பிரகாசி, யாரோ ஊர முழுக்கப் பஞ்சுல பொதிஞ்சு வச்சுட்டாங்க பிள்ள," என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்தார், தெருக்கோடிவரைக்கும் கேட்டது.

அன்றைக்குப் பிரகாசி கடற்கரைக்குப் போகவில்லை. ஏலம் போடுகிறவர் அவளுக்காகக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஆளில்லாமல் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறினார். அவள் ரெமிஜியுசின் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், தலையைக்கூட அள்ளி முடியாமல் குருசடிக்கு வந்து, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மேலே பார்த்தாள். கதவுகளுக்குப் பின்னாலிருந்து தெரு பார்த்தது.

"இவுகளுக்குக் காது போயிட்டு," என்றாள். "நான் சொன்னதெல்லாம் பொய்யி. உங்க வாசிப்புல ஒரு கொறையும் கெடையாது. தட்டத்தான் எனக்கு வரல, இருந்தாத் தரமாட்டேனா? நீங்க எனக்காக வாசிக்காண்டாம். இவுகளுக்கு வாசிங்க. நான் இவுக முதுகுல சொல்லிக்கிடுதேன்."

மேலே குச்சி ஒன்று டிரம் விளிம்பைத் தொட்டது, மெதுவாக, எழுதப் பழகுகிறவளுக்கு எழுத்தைக் காட்டுகிற மாதிரி. பிரகாசி உள்ளங்கையை ஓங்கி ரெமிஜியுசின் முதுகில் போட்டாள்.

"என்னத்துக்குப் பிள்ள அடிக்க?" என்று அவர் கத்திக்கொண்டு திரும்பினார். கதவுகளுக்குப் பின்னால் சிரிப்பு கிளம்பியது, மேலேயும் கிளம்பியது. அவள் அவர் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டு, கையைத் தணித்துக்கொண்டு மறுபடி போட்டாள். டிரம்காரன் ஒன்று தட்டினான், அவள் ஒன்று தட்டினாள். அவன் இரண்டு தட்டினான், அவள் இரண்டு தட்டினாள். அவன் தட்டாமல் விட்ட இடத்தில் அவளும் கையைக் காற்றில் நிறுத்தினாள், அந்த நிறுத்தத்தில்தான் ரெமிஜியுசின் முதுகு நிமிர்ந்தது. அவர் என்ன நடக்கிறதென்று கண்டுகொண்டார். ஸ்பீக்கருக்குள்ளே அவர்களுக்குக் கேட்டதெல்லாம், கீழே ஒரு பெண்பிள்ளையின் உள்ளங்கை சதைமேல் விழுந்து விழுந்து எழும்புகிற சத்தம், விடாமல், கணக்குப் பார்க்காமல்.

"இது காணுமக்கா," என்றான் பாடகன். "இதுக்கு மேல என்ன வேணும்."

கடைசிப் பாட்டு தொடங்கியது. அது எப்படிப்பட்ட பாட்டு என்று இன்றைக்கும் தெருவில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்வதில்லை. பாய் விரித்த தோணி துறைமுகத்தைவிட்டு வெளியே போகிற மாதிரி இருந்தது என்பார் ஒருவர், இல்லை, உள்ளே வருகிற மாதிரி என்பார் இன்னொருவர். ஆனால் பிரகாசியின் கை என்ன செய்தது என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். டிரம்மை உள்ளங்கையால் சொன்னாள், கிதாரை விரல்நுனிகளால் தோள்பட்டை முழுக்க மழை மாதிரி சொன்னாள், பாடுகிறவன் குரல் ஏறும்போது முதுகுத்தண்டோடு கையை மேலே இழுத்துக்கொண்டு போய்ப் பிடரியில் நிறுத்தினாள், அவன் இறங்கும்போது அவளும் இறங்கினாள், ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாமல், ஒரு தாளம் பிசகாமல். ரெமிஜியுஸ் காலைத் தட்டினார், தலையை ஆட்டினார், இதுதான், இதேதான் என்று ஊருக்கே கேட்கச் சிரித்தார். கதவுகளெல்லாம் திறந்துவிட்டன. கேசட்டில் டேப் தீர்ந்து உருளை நின்று வெகுநேரமாகியும் பாட்டு நிற்கவில்லை, ஏனென்றால் அவள் கை நிற்கவில்லை. நிழல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், கஸ்பார் தன் பெட்டியையும் வயரையும் மறந்துவிட்டு ஜெரோமாவின் மக்ரூன் தட்டைப் பிடித்துக்கொண்டு ஆடினான். பிரகாசியின் உள்ளங்கை மிளகாய் அரைத்தது போலச் சிவந்துவிட்டது, மாற்றிவிட வந்த பெண்களை அவள் முழங்கையால் இடித்துத் தள்ளினாள். நிறுத்தினால் பாட்டு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கிடைத்ததை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவள் அவள்.

கடைசியில் ரெமிஜியுசே கையைப் பின்னால் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும், விடு பிரகாசி," என்றார், அவள் காதோடு சொல்லுகிறதாக நினைத்துக்கொண்டு. "எத்தன வருசமா நிக்கானுவ. அவனுவளும் வீட்டுக்குப் போவாண்டாமா?"

தெருவுக்கும் கேட்டது, மேலேயும் கேட்டது. கிதார் ஒரு நீளமான இழுப்பு இழுத்து, கடல் தன் நுரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிற மாதிரி அடங்கியது. தெரு தட்டியது, அன்றைக்குத் தட்டியதுபோல் அது என்றைக்கும் தட்டியதில்லை. பிரகாசி தன் சிவந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போயிட்டு வாறம் அக்கா, போயிட்டு வாறம் அண்ணன் என்றான் பாடகன். வயரைச் சுற்றுகிற சத்தம், டிரம்மைக் கழற்றுகிற சத்தம், தேத்தண்ணி எங்க கிடைக்கும் என்று ஒருவன் கேட்கிற சத்தம், வேன் கதவு இழுத்துச் சாத்துகிற சத்தம் எல்லாம் வரிசையாக வந்தன. எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"கெளம்பிட்டாவளா?" என்று கேட்டார் ரெமிஜியுஸ்.

அவள் தலையை ஆட்டவில்லை. உள்ளங்கையை அவருடைய இடது தோளில் வைத்தாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து, ஆளில்லாமல், வேனில்லாமல், அந்த எஞ்சின் சத்தம் மட்டும் கூட்டத்துக்கு நடுவே மெதுவாக உருண்டு வந்தது, ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அது வர வர அவள் கையும் இடது தோளிலிருந்து முதுகின் குறுக்கே மெல்ல நகர்ந்து வலது தோளுக்குப் போனது. கை போன பக்கமெல்லாம் ரெமிஜியுசின் முகமும் திரும்பியது. சத்தம் மக்ரூன் கடையைத் தாண்டுகிற அதே இடத்தில் அவர் கையை உயர்த்தினார், அது முனை திரும்பி, அவள் விரல்நுனி அவர் தோளைவிட்டு இறங்குகிறவரைக்கும் வீசிக்கொண்டே இருந்தார்.